சாம்பல்தீவு வீட்டை வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. திருமணம் செய்யவில்லை. திருகோணமலை நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளராக 13 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 1,15,000 ரூபா. உவர்மலையில், வேலைத்தலத்துக்கு நடக்கும் தூரத்தில், வீட்டுக்காரர் மேல்மாடியில் குடியிருக்கும் ஓர் அனெக்ஸில் 25,000 ரூபா வாடகைக்கு இருக்கிறேன். மற்றச் செலவுகள் 50,000, மிச்சம் 40,000. ஒரு நிதி நிறுவனத்தில் 24 இலட்சம் ரூபா நிலையான வைப்பும், ஊழியர் சேமலாப நிதியில் ஏறத்தாழ 22 இலட்சமும் உள்ளன. ஆலங்கேணியில் இருந்த எங்கள் வீடு தங்கையின் திருமணத்தின்போது அவளுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. எனக்கும் ஒரு வீடு வேண்டும் என்று அப்பா சாம்பல்தீவில், கடற்கரைக்கு ஐந்து நிமிட நடையில், 65 இலட்சத்துக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறார். காணிக்கு அனுமதிப்பத்திரம்தான் உண்டு, உறுதி பிறகு எடுக்கலாம் என்கிறார் விற்பவர். இம்மாத முடிவுக்குள் 2 இலட்சம் முற்பணம் கேட்கிறார். தனிப் பெண் என்பதால் பாதுகாப்புக்கு அண்ணன் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். வாடகை கடலில் கொட்டும் காசு என்கிறார்கள் அலுவலகத்தில். கொழும்புக்கு வா, அங்கே உன்னை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்கிறாள் தோழி. அங்கே 30,000 ரூபா கூடுதல் சம்பளத்தில் வேலையும் இருக்கிறது, ஆனால் வெள்ளவத்தையில் தனி அனெக்ஸ் 60,000 ரூபா. என்ன செய்வது?
— வாசகி, உவர்மலை

பதில்: அன்புச் சகோதரி, முதலில் முற்பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைக் கொடுக்க வேண்டாம்.

தாங்கள் பார்த்திருப்பது உறுதிக் காணி, அதாவது முழு உரிமைப் பத்திரம் உள்ள காணி, அன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்த காணியை, பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அதை வைத்திருப்பவர் விற்கவோ கைமாற்றவோ முடியாது. மீறிச் செய்த கைமாற்றம் சட்டத்தின் முன் செல்லாது. விற்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால், வெள்ளைத் தாளில் எழுதிய உடன்படிக்கையோடு 65 இலட்சத்தைக் கொடுத்தால், நாளை அவருடைய பிள்ளைகள் பின்னுரிமை (அவருக்குப் பின் காணி தங்களைச் சேரும் உரிமை) கேட்டு வரும்போது தங்கள் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. வங்கியும் அத்தகைய காணியை வாங்குபவரிடமிருந்து ஈடாக ஏற்று வீட்டுக் கடன் தராது. ஆகவே தாங்கள் வங்கிக் கடனை நம்பியிருந்தால், அந்தக் கணக்கு இந்த வீட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது. நம் மாவட்டத்தில் போரால் ஊர்விட்டுப் போனவர்களின் காணிகளில் வேறு ஆட்கள் குடியிருந்து, பிறகு உரித்தாளர் திரும்பி வந்த கதைகள் ஏராளம்; இடம்பெயர்ந்தோரின் உரிமை வெறும் காலாவதியால், அதாவது பிறர் நீண்ட காலம் குடியிருந்தார்கள் என்பதால் மட்டும், போய்விடக் கூடாது என்று 2016இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. எனவே உறுதி இருந்தாலும், காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டு உரித்து வரலாற்றை உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசு மூலம் தேடிப் பார்த்த பிறகே எந்தக் காணிக்கும் பணம் கொடுக்க வேண்டும். அத்துடன் கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை என்றால், கரையிலிருந்து 300 மீற்றருக்குள் காணி வருகிறதா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்; அந்த எல்லைக்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை. 2004 டிசம்பர் 26 சுனாமியை இந்தக் கரையில் வாழ்கிற எவருக்கும் நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

இனி, இதே 65 இலட்ச விலையில், குறைபாடற்ற உறுதியோடு வேறொரு வீடு கிடைத்தால் வாங்கலாமா என்று பார்ப்போம். முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 சதவீதமும் மீதிக்கு 4 சதவீதமும் ஆகும். அதாவது 2,59,000 ரூபா. நொத்தாரிசின் கட்டணம் வேறு. சேமலாப நிதியில் பத்து ஆண்டுகளுக்கு மேல் பங்களித்தவர் என்பதால், வீட்டுத் தேவைக்காக மீதியில் 30 சதவீதம் வரை, தங்கள் விடயத்தில் 6,60,000 ரூபா, எடுக்கலாம். வைப்பையும் இதையும் முழுவதும் துடைத்தெடுத்துப் போட்டாலும் ஏறத்தாழ 37 இலட்சம் கடன் தேவைப்படும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 15 ஆண்டுகளுக்கு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 44,400 ரூபா. சாம்பல்தீவு போன்ற தூரத்திலிருந்து வேலைக்கு வருவதென்றால், மாத முடிவில் கணக்கு மூடும் நாட்களில் இரவு எட்டு மணிக்குப் பேருந்தை நம்ப முடியாது. ஓட்டோவுக்கு மாதம் 10,000 ரூபா என்று வைப்போம். மற்றச் செலவு 50,000 உடன் சேர்த்தால் 1,04,400 ஆகிறது. மிஞ்சுவது பத்தாயிரம் சொச்சம், கையிருப்போ சூனியம்.

அதுவும் வட்டி அசையாமல் இருந்தால்தான். 2022இல் மத்திய வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் வழங்கும் வீதத்தை ஜூலை மாதத்தில் 15.5 சதவீதத்துக்கு உயர்த்தியபோது, மாறும் வட்டியில் வீட்டுக் கடன் எடுத்திருந்த பலருடைய தவணை சில மாதங்களில் எகிறியது. பின்னர் மத்திய வங்கியின் கொள்கை வட்டி (மற்ற வட்டிகளுக்கு வழிகாட்டும் வீதம்) இறங்கி, 2025 மே மாதத்தில் 7.75 சதவீதமானது. ஆனாலும் 15 ஆண்டு என்பது நீண்ட காலம். தங்கள் கடன் வட்டி ஒரு கட்டத்தில் 18 சதவீதத்தைத் தொட்டால் தவணை 59,600 ரூபாவாகும். மொத்தச் செலவு 1,19,600 ரூபாவாகி, சம்பளத்தையே தாண்டிவிடும். இருவர் உழைக்கும் குடும்பத்தில் ஒருவர் சம்பளம் மற்றவரைத் தாங்கும். தங்களுக்கு அந்தத் தாங்கல் இல்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. கணக்கில் எடுக்க வேண்டியதாகச் சொல்கிறேன்.

வாடகை கடலில் கொட்டும் காசு என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ஆண்டுக்கு 3 இலட்சம் கொடுத்து, 65 இலட்சம் பெறுமதியான வீட்டுக்கு இணையான நிம்மதியை, வேலைத்தலத்துக்கு நடக்கும் தூரத்தில், மேல்மாடியில் வீட்டுக்காரர் குடியிருக்க, விளக்கெரியும் வீதியில் தாங்கள் பெறுகிறீர்கள். கடன் வட்டியும் திரும்பி வராத காசுதான். 37 இலட்சக் கடனுக்கு 12 சதவீதத்தில் 15 ஆண்டுகளில் கட்டுவது ஏறத்தாழ 80 இலட்சம். பாதுகாப்பு என்று அப்பா சொல்வதன் பெரும்பகுதி இப்போதே தங்களிடம் இருக்கிறது.

அண்ணன் பெயரைச் சேர்ப்பது பற்றி மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன்: எந்த வீடானாலும் தங்கள் பெயரில் மட்டும் எழுதுங்கள். பணம் போடாதவரின் பெயர் உறுதியில் ஏறினால் அவர் பங்காளியாகிவிடுகிறார். பிரிக்கப்படாத தன் பங்கை அவர் விற்கலாம், ஈடு வைக்கலாம், அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் அந்தப் பங்கின் மேல் வழக்கும் வைக்கலாம். தாங்கள் வீட்டை முழுதாக விற்க நினைத்தால் அவருடைய கையெழுத்து வேண்டும். அண்ணனில் குறை காண்பதற்காக இதைச் சொல்லவில்லை. நம் கிழக்கில் பெண்ணுக்கு வீடு எழுதும் வழக்கம் பெருமைக்குரியது. திருமணம் ஆகாதவள் என்பதற்காக அந்த வழக்கத்தின் பாதியை மட்டும் தங்களுக்குக் கொடுப்பது நியாயமில்லை. அண்ணனின் பிள்ளைகளுக்குச் சொத்துச் சேர வேண்டும் என்பது விருப்பமானால் மரண சாசனம் எழுதினால் போதும். அதை எப்போதும் மாற்றவும் முடியும்.

கொழும்பைப் பொறுத்தவரை, 30,000 ரூபா கூடுதல் சம்பளத்தை 35,000 ரூபா கூடுதல் வாடகை விழுங்கிவிடும். அந்த வேலை தங்கள் தொழில் வளர்ச்சிக்கு உதவுமென்றால் போங்கள். கேள்வி கேட்பவர்களிடமிருந்து தப்பிப்பதற்காக மட்டுமென்றால், அந்த விலை அதிகம்.

இப்போது செய்ய வேண்டியது வைப்பைப் பிரிப்பது. வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரைதான் உண்டு. தங்களுடைய 24 இலட்சமும் ஒரே இடத்தில் கிடக்கிறது. தவணை முதிரும்போது, மத்திய வங்கியின் உரிமம் பெற்ற மூன்று நிறுவனங்களில் எட்டெட்டு இலட்சமாக வையுங்கள். ஆண்டு வருமானம் வட்டியோடு சேர்த்து 18 இலட்சத்துக்குள் இருப்பதால், சுய பிரகடனம் கொடுத்தால் வட்டியில் 10 சதவீத வரியைக் கழிக்கமாட்டார்கள். மாதம் 40,000 சேர்த்துக்கொண்டே போனால் இரண்டு ஆண்டுகளில் வட்டியுடன் 36 இலட்சத்துக்கு மேல் வரும். ஐந்து இலட்சத்தைத் தொடாமல் வைத்துவிட்டு, 28 இலட்சம் கடனோடு, சேமலாப நிதியில் கை வைக்காமலே, 55 இலட்சம் வரையான வீட்டைப் பார்க்கலாம். தவணை 33,600 ரூபா. வட்டி 18 சதவீதமானாலும் 45,100 ரூபா. பாலையூற்று, அன்புவழிபுரம் பக்கங்களில் சிறியதாகப் பாருங்கள். மாரி மழைக்குள் ஒரு தடவை போய், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்பாவிடம் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு தாளில் 1,15,000 என்றும் அதன் கீழே 1,19,600 என்றும் எழுதி அவர் முன் வையுங்கள். பிறகு அவரையே கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போய், அந்தச் சாம்பல்தீவுக் காணியின் அனுமதிப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று விசாரியுங்கள்.