நின்று கிளம்பும்போது பின்னாலிருந்து மோதினால் தப்பு யாருடையது?

பனிச்சறுக்குச் சரிவில் ஒரு மேட்டுக்குக் கீழே நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி கிளம்பிய ரெண்டாவது நொடியில் மேலிருந்து பலகையில் சறுக்கி வந்த ஸ்னோபோர்டுக்காரர் இடித்தார், முழங்கால் வீங்கிவிட்டது, அவரோ “நீதான் பார்க்கவில்லை” என்று கத்திவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார், தப்பு யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் ரெண்டு பேர் மேலும் இருக்கிறது.

சர்வதேச ஸ்கீ, ஸ்னோபோர்டு கூட்டமைப்பின் 10 நடத்தை விதிகள்படி கீழே இருப்பவருக்குத்தான் முன்னுரிமை, மேலிருந்து வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும். அதில் அவர் தவறிவிட்டார். ஆனால் 5வது விதி, கிளம்புகிறவர் மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்கிறது. 6வது, மிக அவசியமில்லாமல் பார்வைக்கு மறைவான இடத்தில் நிற்கக் கூடாது என்கிறது. மேட்டின் அடி மறைவேதான். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் ஒரே நொடியில் 11 மீட்டர் கடந்துவிடுவார், உங்கள் ஹெல்மெட் கண்ணில் படும்போது அவருக்கு எங்கே திரும்ப நேரம்?

நானும் ஒருமுறை இப்படித்தான், கையுறையைக் கழற்றிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன், பலகை விளிம்பு பனியைக் கரகரவென்று சுரண்டும் சத்தம் கேட்டுத் தலைதூக்குவதற்குள் ஒருவன் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்தான்.

இனி நிற்பதானால் மேலிருந்து நன்றாகத் தெரிகிற ஓரத்தில் நில்லுங்கள், கிளம்புமுன் தோளைத் திருப்பி ஒரு பார்வை. கூட்ட நேரத்தில் காதில் பாட்டு வேண்டாம். அப்புறம், அவர் பெயர் சொல்லாமல் போனதும் விதிமீறல்தான், 10வது விதி. முழங்கால் வீக்கம் வடியவில்லை என்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், சண்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.