அப்பாவின் நோட்டும் 38,000 ரூபாய் ஒப்பந்தமும்

கேள்வி: என் தந்தை பெரம்பூர் பின்னி துணி மில்லில், 1996-ல் அது மூடப்படும் வரை வேலை பார்த்தவர். மில் வாழ்க்கையைப் பற்றி நான்கு நோட்டுகளில் எழுதியிருந்தார். 2009-ல் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு டிடிபி கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்தும் வைத்தார். சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். அந்தக் கோப்பைத் திறந்தால் இப்போது வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. எழுத்துரு மாற்றம், ஐஎஸ்பிஎன், பதிப்புரிமைப் பதிவு எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய்க்கு மின்னூலாக்கித் தருவதாக ஒருவர் ஒப்பந்தம் நீட்டுகிறார். கையெழுத்துப் போடலாமா?
- வாசகி, வியாசர்பாடி

போடாதீர்கள், சகோதரி. நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலில் ‘அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்காகவே அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாமல் உரிமையை எழுதிக் கொடுத்தால் அது 5 ஆண்டோடு முடிந்துவிடும். அது தெரிந்துதான் ‘நிரந்தரமாக’ என்பதை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் தந்தையின் எழுத்து அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு உங்கள் குடும்பத்துச் சொத்து. அதில் அம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பதிப்புரிமை, எழுதிய அன்றே எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. செய்தே ஆக வேண்டும் என்றாலும் அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான்.

அடுத்தது ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் சர்வதேச அடையாள எண். இதை வைத்து நடக்கும் வசூலைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இந்த எண்ணை இலவசமாகவே தருகிறது. அடையாளச் சான்றையும் அட்டைப் படத்தையும் இணையத்தில் ஏற்றி நீங்களே விண்ணப்பிக்கலாம். அதிலும், அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் மின்னூலாக மட்டும் வெளியிட இந்த எண்ணே தேவையில்லை. அமேசான்காரர்கள் தங்கள் எண் ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். நூலை ஏற்றவும் காசு கிடையாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. நாளைக்கே நூறு பிரதி அச்சடித்துக் கடைகளுக்கோ நூலகத்துக்கோ கொடுக்க நினைத்தால் எண் வேண்டும். மின்னூலுக்கு ஓர் எண் வாங்கியிருந்தாலும் அச்சு நூலுக்குத் தனி எண்தான். கெட்டி அட்டைப் பதிப்புக்கு இன்னொன்று. ‘ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் போட்டுவிடலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண் யார் பெயரில் பதிவாகிறது என்பதையும் பாருங்கள். இடைத்தரகர் தன் பெயரில் வாங்கினால் ஆவணங்களில் அவரே பதிப்பாளர். அச்சிட்ட பின் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்பதும் சட்டம். மில் நினைவுகள் அங்கே போய்ச் சேரட்டும்.

உண்மையான வேலை அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. கோப்பு கெட்டுப் போகவில்லை. அது பாமினி எழுத்துருவில் அடித்தது. அதில் ‘அம்மா’ என்ற சொல், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில விசைகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். இன்றைய கணினிகளும் கைபேசிகளும் பொதுவாகப் படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. பத்து நிமிட வேலை. தமிழக அரசு 1999-ல் டாம், டாப் என இரண்டு கணினித் தமிழ் எழுத்துக் குறியீடுகளைத் தரப்படுத்தியது, 2010-ல் யூனிகோடை ஏற்றது. ஆணைகள் வந்தன, கடைக் கணினிகள் மாறவில்லை. அந்த அலட்சியத்துக்கான விலையைத்தான் உங்களைப் போன்ற பிள்ளைகளிடம் இன்று 38,000 என்று கேட்கிறார்கள்.

மாற்றிய பிறகு அவசரப்பட்டு ஏற்றிவிடாதீர்கள். நடுவே ஆங்கிலத்தில் அடித்த சொற்கள், அதாவது தறியின் பாகங்களோ அதிகாரிகளின் பெயர்களோ, பொருளற்ற தமிழாக மாறியிருக்கும். ஒருவர் நோட்டை உரக்கப் படிக்க, இன்னொருவர் திரையில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அப்பாவோடு வேலை பார்த்தவர் யாராவது பெரம்பூர்ப் பக்கம் இருந்தால் அவரையும் உட்கார வையுங்கள். மில் சொற்கள் மென்பொருளுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

நோட்டுகளை மட்டும் யார் கையிலும் கொடுத்தனுப்பாதீர்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து, படத்தை மட்டும் கொடுங்கள்.