பதில்: ஒரகடம் ஹோட்டலுக்குக் கொரிய சமையல்காரர் – டூரிஸ்ட் விசாவில் வரவழைக்கலாமா?

வணக்கம் சார். "முதல்ல டூரிஸ்ட் விசாவில் வரட்டும், இங்கே வந்ததும் மாத்திக்கலாம்"னு ஏஜென்ட் சொன்னதா எழுதியிருக்கீங்க. அந்தப் பேச்சையே எடுக்காதீங்க. டூரிஸ்ட் விசாவை இங்கே வேலை விசாவா மாத்தித் தர மாட்டாங்க. சமையல்காரர் கொரியாவில் இருக்கும்போதே, சியோல் இந்தியத் தூதரகம் வழியா எம்ப்ளாய்மென்ட் விசா வாங்கிட்டுதான் கிளம்பணும்.

இந்த விசாவுக்குக் குறைஞ்சது இவ்வளவு ஆண்டுச் சம்பளம் தரணும்னு நீங்க பயப்படுற வரம்பு, அந்த 16.25 லட்சம் ரூபாய், உங்களுக்குப் பொருந்தாது. தன் நாட்டுச் சமையலைச் செய்ய வர்றவங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனா வேலை ஒப்பந்தத்தில் அது தெளிவா இருக்கணும். வெறுமனே 'செஃப்'னு போட்டா, இங்கே ஆள் கிடைக்காதான்னுதான் முதல் கேள்வி வரும். 'கொரிய உணவு சமையல்காரர்'னு போட்டு, சம்பளம், காலம், வேலை இடம் எல்லாம் எழுதுங்க. மெனு கார்டையும், அவருடைய பழைய அனுபவச் சான்றிதழையும் சேர்த்து வைங்க. ஜி.எஸ்.டி. பதிவில் இருக்கிற கடைப்பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கட்டும்.

விசா 180 நாளுக்கு மேலேன்னா, வந்து இறங்கின 14 நாளுக்குள்ள எஃப்.ஆர்.ஆர்.ஓ. (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) பதிவு செய்யணும். ஆன்லைன்லயே முடியும்; கூப்பிட்டா மட்டும் சென்னை ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவன்ல இருக்கிற அந்த ஆபீசுக்குப் போகணும். அவர் தங்குற வீட்டுக்காரர் அவர் வந்து தங்கின 24 மணி நேரத்துக்குள்ள அந்தத் தகவலை எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் பதியணும், பலரும் கோட்டை விடுறது இங்கேதான். வாடகை பேசும்போதே சொல்லிடுங்க.

இன்னொண்ணு: பி.எஃப். விதி வெளிநாட்டவருக்கு வேற மாதிரி. சம்பளத்தை முடிவு பண்றதுக்கு முன்னாடி ஆடிட்டர்கிட்ட கேட்டுடுங்க.