மாண்டலினுக்கு எந்த பிக் நல்லம்? வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: அண்ணே, மாமா ஒரு மாண்டலின் தந்தவர். கிட்டார் வாசிக்கிற கூட்டாளிட்ட கம்பி மீட்டுற பிக் ஒண்டு வாங்கி அடிச்சுப் பாக்கிறன், டிக் டிக் எண்டு ஒரு சத்தம்தான் முன்னுக்கு வருது. பிழை மாண்டலின்லயா பிக்லயா? (கல்லடி வாசகர்)

பதில்: தம்பி, மாண்டலின திருத்தக் குடுக்க முதல் அந்த பிக்க ஒருக்காத் திருப்பிப் பாருங்க. அதில சின்னதா ஒரு இலக்கம் இருக்கும், அநேகமா 0.46, இல்லாட்டி 0.60, 0.73 எண்டு. அது மில்லிமீட்டர்ல பிக்கின்ட தடிப்பு. கிட்டார்ல கோட்ஸ் (பல கம்பிய ஒண்டாச் சேத்து) அடிக்க அது சோக்கான சாமான், மாண்டலினுக்குச் சரிவராது. மாண்டலின்ல கம்பி எட்டு, ரெண்டு ரெண்டா நாலு சோடி, ஜி டி ஏ ஈ எண்டு வயலின் மாதிரியே சுதி கூட்டுறது. கம்பி அதிருற நீளம் 35 சென்டிமீட்டர் அளவுதான் வரும், கிட்டார்ல அது 65க்குக் கிட்ட. இந்தக் குட்டி நீளத்தில சோடிக் கம்பி இறுகி நிக்கிறதால மெல்லிசு பிக் கம்பியத் தள்ளாம தானே வளைஞ்சு குடுத்துப்போட்டு பிறகு டக்கெண்டு நிமிருது, நீங்க கேக்கிற டிக் டிக் அதுதான்.

அதால தடிப்புக்குப் போங்க. 1 மில்லிமீட்டருக்குக் குறைய வேணாம், 1.5 வரைக்கும் தாராளமாப் போகலாம், என்னட்டக் கேட்டா 1.4, 1.5 பக்கம்தான் மாண்டலின் வாய் திறந்து பாடும், முதல்ல கை கொஞ்சம் பாரமாத் தெரியும் பிறகு பழகிரும். கடையில டன்லப் கொம்பனிட டோர்டெக்ஸ் பிக் கிடந்தா நிறத்தப் பாத்தே எடுக்கலாம், செம்மஞ்சள் 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. ஊதாவில தொடங்குங்க.

தடிப்பு மட்டும் காணாது, நுனியும் பாக்கணும். கூர் நுனி சோடியில ஒரு கம்பியக் கொத்திப்போட்டு மத்தத விட்டுரும், உருண்ட நுனி ரெண்டையும் தடவிக்கொண்டு போகும், அதாலதான் மாண்டலின்காரர் கனபேர் மூண்டு மூலையும் உருண்ட முக்கோண பிக்க விரும்புறது. அது கிடைக்காட்டி கவலைப்படாதீங்க, சாதாரண கிட்டார் பிக்கையே திருப்பிப் பிடிச்சு பின்பக்கத்து உருண்ட தோளால அடிங்க, இண்டைக்கே செய்யலாம், ஒரு சதம் செலவில்ல. உங்கட கூட்டாளிட பிக் மெல்லிசா இருந்தாலும் இப்பிடித் திருப்பினா பாதிச் சத்தம் அடங்கும். நெட்ல பாத்துப்போட்டு புளூசிப் மாதிரி 35 டொலருக்கு மேல போற பிக்குக்கு ஆசைப்படாதீங்க, பழகிற ஆளுக்கு அது வீண், அந்தக் காசுக்கு கம்பி செட் ரெண்டு மூண்டு வாங்கி வச்சா கல்லடிக் கடக்காத்துக்கு கம்பி துரு ஏறும்போது உதவும்.

கேள்வி: ட்ரெமலோ (ஒரே சுரத்த விடாம வேகமா மேலயும் கீழயும் மீட்டுறது) அடிக்கும்போது கை வேர்த்து பிக் சுழண்டு விழுந்திருது. இறுக்கிப் பிடிச்சா கை கடுக்குது. என்ன செய்யலாம்? (கல்முனை வாசகி)

பதில்: இறுக்கவே வேணாம் தங்கச்சி. மாண்டலின்ல ஒரு சுரம் அடிச்ச கையோட செத்துப்போகும், அத நீட்டிக் கேக்க வைக்கத்தான் ட்ரெமலோ, இறுக்கின கையால அது வாறதே இல்ல. சுட்டுவிரல மடிச்சு அதுட பக்கவாட்டில பிக்க வச்சு மேல பெருவிரலப் படுக்கப் போடுங்க, நுனி மூண்டு நாலு மில்லிமீட்டர் மட்டும் வெளிய தெரியட்டும், அசைவு மணிக்கட்டில இருந்து வரட்டும். பிக்க கம்பிக்கு நேரா வைக்காம ஒரு துளி சரிச்சு வச்சா சிக்காமப் போகும். வேர்வைக்கு, விரல் படுற இடத்த மட்டும் அரத்தாள் போட்டு சொரசொரப்பாக்குங்க, இல்லாட்டி பெரிய சைஸ் பிக் எடுங்க, பிடிக்க இடம் கூட இருக்கும். சில நைலோன் பிக்ல பிடிக்கிற இடத்தில மேடு மேடாப் போட்டிருப்பாங்க, எங்கட சித்திரை வெயிலுக்கு அது பரவாயில்ல, ஆனா நைலோன் சத்தம் கொஞ்சம் மந்தம்.

கேள்வி: கர்நாடக சங்கீதம் வாசிக்க வேற பிக்கா? (காரைதீவு வாசகர்)

பதில்: 'யாழ் நூல்' எழுதின விபுலானந்தர் பிறந்த ஊர்ல இருந்து நரம்புக் கருவி பத்திக் கேள்வி வராட்டித்தான் அதிசயம். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) சோடிக் கம்பிய விட்டுப்போட்டு ஒற்றைக் கம்பி போட்ட எலெக்ட்ரிக் மாண்டலின்ல வாசிச்சவர், பிறகு அதில அஞ்சு கம்பி. கமகத்துக்கு, அதாவது சுரத்த அசைச்சு இழுத்து வாசிக்க, ஒரு தரம் மீட்டின சுரம் விரல் இழுத்து முடியுமட்டும் நிக்கணும், சோடிக் கம்பி மாண்டலின்ல அது நிக்காது. எலெக்ட்ரிக் எண்டா கை பலம் அவ்வளவு தேவையில்ல, 1 மில்லிமீட்டர் பக்கமே காணும், ஆனா அம்ப் (சத்தத்தப் பெரிசாக்கிற பெட்டி) வழியா பிக் உரசுற சத்தமும் பெரிசாக் கேக்கும், அதால விளிம்பு மழமழப்பா இருக்கோ எண்டு நகத்தால தடவிப் பாத்து எடுங்க.

கேள்வி: அப்பப்பாட பெட்டியில பழைய பிக் ஒண்டு கிடந்திச்சு, புள்ளி புள்ளியா ஆமை ஓடு மாதிரி. விக்கலாமா? (மட்டக்களப்பு வாசகர்)

பதில்: முந்தி அழுங்காமை ஓட்டிலதான் நல்ல பிக் செய்தவங்க, இப்ப அது சட்டவிரோதம், இலங்கையில கடலாமை எல்லாம் பாதுகாக்கப்பட்ட உயிர், வெளிநாட்டுக்குக் கொண்டு போறதும் பிரச்சினை. ஆனா உங்கட கையில இருக்கிறது அநேகமா அந்த நிறத்தில வந்த செலுலொயிட் எண்ட பழைய காலத்து பிளாஸ்டிக்தான். துணியில நல்லாத் தேச்சு சூடு ஏத்தி மணந்து பாருங்க, கற்பூரம் மணந்தா செலுலொயிட், அத செய்யிறதே கற்பூரம் சேத்துத்தான். நெருப்புக் காட்டிப் பாக்க வேணாம், குப்பெண்டு பத்திரும். கற்பூரம் மணக்காட்டி விக்கிற கதைய விட்டுப்போட்டு பெட்டியிலயே வச்சிருங்க.

கேள்வி: வீட்டில பிக் செய்ய ஏலுமா? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: ஏலும் காக்கா. பழைய பேங்க் கார்ட் 0.76 மில்லிமீட்டர், தனிய வெட்டினா மெல்லிசு, ரெண்டு துண்ட சுப்பர் குளூ போட்டு ஒட்டினா 1.5 வந்திரும், காய்ஞ்ச பிறகு விளிம்ப அரத்தாள்ல உருட்டித் தேயுங்க, தேய்க்காட்டி கம்பில கீச்சுக் கீச்செண்டு கேக்கும். சிரட்டையிலயும் செய்யலாம், வட இந்தியாவில சரோத் எண்ட நரம்புக் கருவி வாசிக்கிறவங்க மீட்டுறதே சிரட்டையில செய்த துண்டாலதான். நல்லா முத்தின தேங்காய்ட சிரட்டையில வளைவு குறைஞ்ச இடமாப் பாத்து அறுத்து, உள்பக்கமும் வெளிப்பக்கமும் அரத்தால மட்டமாக்கி, 2 மில்லிமீட்டர் வந்த உடன நிப்பாட்டுங்க, அதுக்குக் கீழ போனா வெடிக்கும். சத்தம் பிளாஸ்டிக்க விட கொஞ்சம் மென்மையா வரும், எனக்கு ட்ரெமலோவுக்கு அது பிடிக்கும், வேகமா அடிக்கப் பிடிக்காது.