மினிட் நோட்டுல முடிஞ்சுபோற உட்கட்சித் தேர்தல்

கேள்வி: ஐயா, 22 வருஷமா ஒரு கட்சியில உறுப்பினரா இருக்கேன், கட்சி பேர் வேணாம். கிளைத் தேர்தல்னு கூப்பிட்டாங்க, போனா மினிட் நோட்டுல நிர்வாகிங்க பேரெல்லாம் முன்னாடியே எழுதியிருக்கு, "கீழ கையெழுத்து போடுங்கண்ணே, டீ வந்துருச்சு"ங்கிறாங்க. தேர்தல் கமிஷன் இதைக் கேக்காதா?
– ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: கேக்கும்ணே, லெட்டர் போடும், அதுக்கு மேல பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவுல கட்சியைப் பதிவு பண்றப்ப ஜனநாயகத்துக்குக் கட்டுப்படுவோம்னு எழுதி வாங்குறாங்க, ஆனா அதை மீறிட்டாங்கன்னு பதிவை ரத்து பண்ற அதிகாரம் கமிஷனுக்கு இல்லைன்னு 2002ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. ஜெர்மனியில கட்சிக்குள்ள ஜனநாயகம் இருக்கணும்னு அரசியல் சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க, நம்ம நாட்டுல அப்படி ஒரு வரி இல்ல.

இதுல சாதாரண உறுப்பினருக்கு ஓட்டு இல்லைங்கிறதை விட, அவரால வேட்பாளரா நிக்க முடியலங்கிறதுதான் எனக்குப் பெரிய அநியாயமா தெரியுது. அதிமுகவை எடுத்துக்கங்க, பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கணும்னு எம்ஜிஆர் காலத்துல இருந்து விதி, அருமையான விதி. ஆனா 2022 ஜூலை பொதுக்குழுவுல, போட்டி போடுறவருக்கு 10 மாவட்டச் செயலாளர் முன்மொழியணும், 10 பேர் வழிமொழியணும், 5 வருஷம் தலைமைக் கழகப் பொறுப்புல இருந்திருக்கணும்னு சேத்துட்டாங்க. கிளையில போஸ்டர் ஒட்டுறவரு அந்த 20 பேர்கிட்ட எப்படிப் போவாரு? 2023 மார்ச்ல எடப்பாடி பழனிசாமி மட்டும்தான் மனு போட்டாரு, போட்டியில்லாம வந்தாரு. திமுகவுலயும் 2018, 2022 ரெண்டு தடவையும் தலைவர் பதவிக்கு ஸ்டாலின் போட்டியில்லாமதான் வந்தாரு.

காங்கிரஸ்ல 2022 அக்டோபர்ல தலைவர் பதவிக்கு நிஜமாவே போட்டி நடந்துச்சு, கார்கே 7,897 ஓட்டு, சசி தரூர் 1,072 ஓட்டு. மனுவுக்கு மாநில காங்கிரஸ் கமிட்டிப் பிரதிநிதிங்க 10 பேர் கையெழுத்து போதும்கிறதாலதான் தரூரால நிக்கவாவது முடிஞ்சுது. அங்கயும் சாதாரண உறுப்பினருக்கு ஓட்டு கிடையாது, பிரதிநிதிங்களுக்கு மட்டும்தான், அதையும் சொல்லியாகணும்.

நீங்க முதல்ல உங்க கட்சி விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்க, தரமாட்டேன்னா எழுதிக் கேளுங்க. அடுத்த தடவை நோட்டை நீட்டுனா, கிளைச் செயலாளர் பதவிக்கு நீங்க நினைக்கிற ஆளோட பேரை எழுந்து நின்னு முன்மொழிங்க, அதையும் நோட்டுல எழுதச் சொல்லுங்க, எழுதின பிறகு கையெழுத்து போடுங்க.