அந்த 18 நிமிடம் யாருக்கு?

போன இதழில் கார் பேட்டரியைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, மின்சார எஸ்யூவி வாங்கலாமா, எதை வாங்கலாம் என்றே கேட்கின்றன. மின்மாற்றிகளோடு 30 வருடம் மல்லுக்கட்டியவன், மூன்று வருடமாக மின்சார எஸ்யூவி ஓட்டுகிறவன் என்ற இரண்டு தகுதிகளோடு பதில் சொல்கிறேன். கார் விற்கிறவன் இல்லை என்பது மூன்றாவது தகுதி.

கேள்வி: ஐயா, பிஒய்டி அட்டோ 3, 72.6 யூனிட் பேட்டரி கொண்ட ஹூண்டாய் ஐயோனிக் 5, இரண்டில் ஒன்று என்று முடிவு செய்து மூன்று மாதம் ஆகிவிட்டது. 34 வரியில் அட்டவணை போட்டேன். ஐயோனிக் 20க்கு 14 என்று ஜெயிக்கிறது. ஆனால் ஓடும் தூரம் என்ற வரியில் அட்டோவுக்கு 521 கி.மீ., ஐயோனிக்குக் 481 கி.மீ. என்று வருகிறது. சின்ன பேட்டரி எப்படி அதிக தூரம் ஓடும்? ஆபீஸ் போய்வர தினமும் 40 கி.மீ. மாதம் ஒரு முறை 330 கி.மீ. தள்ளியிருக்கும் அம்மா வீட்டுக்குப் போய், வரும்போது அம்மாவையும் அழைத்து வருவோம். வீட்டில் கார் நிற்கும் இடத்திலேயே பிளக் இருக்கிறது. சார்ஜ் ஏற 18 நிமிடம் என்று ஐயோனிக் புரோஷர் சொல்வதுதான் என்னை இழுக்கிறது. மகளோ, அட்டோவின் கதவில் கிதார் கம்பி மாதிரி கட்டியிருப்பதை மீட்டிப் பார்த்துவிட்டு அதற்கு ஓட்டு போட்டுவிட்டாள். நீங்கள் சொல்லுங்கள். — அட்டவணைக்காரன்

பதில்: முதலில் அந்த அட்டவணையை மடித்து உள்ளே வையுங்கள், தம்பி. உள்ளே எரியும் கலர் விளக்குக்கும் ஒரு மார்க், பின் சீட்டில் அம்மா உட்காரும் வசதிக்கும் ஒரு மார்க் என்றால் அந்தத் தேர்வில் யார் ஜெயித்தால் என்ன?

521 புதிருக்கு வருவோம். உங்கள் இரண்டு எண்களும் வேறு வேறு சோதனையில் வந்தவை. அட்டோ 3-க்கு இந்தியச் சோதனையில் 521 கி.மீ., பழைய ஐரோப்பியச் சோதனையான என்இடிசி-யில் 480, இப்போதைய டபிள்யூஎல்டிபி-யில் 420. கார் அதேதான், 60.48 யூனிட் பேட்டரியும் அதேதான். இந்தியச் சோதனை மணிக்கு 90 கி.மீ.க்கு மேல் போவதில்லை. டபிள்யூஎல்டிபி சிறிது நேரமாவது 131 வரை தொட்டுப் பார்க்கும். ஐயோனிக்குக்கு நீங்கள் எழுதியிருக்கும் 481, டபிள்யூஎல்டிபி எண். அதாவது ஒருவனை இறக்கத்திலும் இன்னொருவனை ஏற்றத்திலும் ஓடவிட்டு நேரம் குறித்திருக்கிறீர்கள். 420-க்கு எதிரே 481 என்று வையுங்கள். பெரிய பேட்டரி அதிக தூரம் ஓடுகிறது, புதிர் தீர்ந்தது.

இன்னொரு படி போவோம். புரோஷரில் கிலோவாட் அவர் என்று போட்டிருப்பது, நம் மின் கட்டண ரசீதில் வரும் அதே யூனிட்தான். 420-ஐ 60.48-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 6.9 கி.மீ.; 481-ஐ 72.6-ஆல் வகுத்தால் 6.6. சிக்கனத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐயோனிக் சற்றுப் பெரிய வண்டி, அவ்வளவுதான்.

தினப்படி 40 கி.மீ.க்கு ஏறக்குறைய ஆறு யூனிட் போகும். சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் ஏறும் என்று வைத்தால், இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. இதில் இரண்டு கார்களும் ஒன்றுதான். ஆக, மாதத்தில் 29 நாள் உங்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. பாக்கி இருப்பது அந்த 330 கி.மீ.

ஹைவேயில் காற்றுதான் எதிரி. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அதன் எதிர்ப்பு ஏறும். 90-இல் போகிறவர் 120-க்குப் போனால் காற்றைக் கிழிக்க மட்டும் கிலோமீட்டருக்கு 1.8 மடங்கு சக்தி போகிறது. அதனால் நூறு, நூற்றிப்பத்தில் போகிறவருக்கு அட்டோவில் யூனிட்டுக்கு 5.5, ஐயோனிக்கில் 5.3 கி.மீ. என்றுதான் நான் கணக்குப் போடுவேன். 330 கி.மீ.க்கு அட்டோவுக்கு 60 யூனிட் வேண்டும். அவளிடம் இருப்பதே 60. (என் வீட்டில் கார் பெண்பால்; பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஐயோனிக்குக்கு 62 யூனிட் வேண்டும், 14 சதவீதத்தை ஒட்டி மிச்சம் வைத்துக்கொண்டு வாசலில் போய் நிற்கும்.

அட்டோவில் போனால் வழியில் ஒரு தடவை நிறுத்தியே ஆக வேண்டும். எவ்வளவு நேரம்? கையிருப்போடு போய்ச் சேர 12 யூனிட் ஏற்றினால் போதும். 60 கிலோவாட் சார்ஜரில், அதாவது மணிக்கு 60 யூனிட் தருவதில், ஏறக்குறைய 12 நிமிடம். சார்ஜரைத் தேடி உள்ளே திரும்புவது, செயலி அடம்பிடிப்பது எல்லாம் சேர்த்து அரை மணி. மாதம் இரண்டு முறை. மூன்று மாதமாக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்ட வித்தியாசம் மொத்தமே இதுதான்.

அப்புறம் அந்த 18 நிமிடம். 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை 18 நிமிடத்தில் ஏறும் என்பது பொய்யில்லை. ஐயோனிக் 800 வோல்ட் அமைப்பில் கட்டிய வண்டி. அந்த வேகத்தில் ஏற்றிக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. ஆனால் கொடுக்கிற கை வேண்டுமே. 350 கிலோவாட் சார்ஜரில்தான் அந்தக் கணக்கு. உங்கள் வழியில் இருப்பது 60 கிலோவாட் சார்ஜர் என்றால் அதே 70 சதவீதத்துக்கு ஐயோனிக் 51 நிமிடம் நிற்கும். சின்ன பேட்டரி என்பதால் அட்டோ 42 நிமிடத்தில் கிளம்பிவிடும். அகலக் குழாய் வைத்த தொட்டி, திருகினால் ஒழுகுகிற அளவுக்கே தண்ணீர் என்ற கதை. எனவே இந்த வார இறுதியில் ஷோரூமுக்குப் போகாமல், இப்போது இருக்கிற காரிலேயே அம்மா வீட்டுக்குப் போய்வாருங்கள். வழியில் எத்தனை சார்ஜர், ஒவ்வொன்றும் எத்தனை கிலோவாட், எத்தனை வேலை செய்கிறது, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். அந்தத் தாள் உங்கள் 34 வரியையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

அம்மாவை அழைத்து வருவேன் என்று எழுதினீர்களே, அங்கேதான் என் மனம் நின்றது. நான் கார் வாங்கியபோது கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, முன் சீட்டிலேயே மயங்கி முன்பணம் கட்டினேன். முதல் நீண்ட பயணத்தில் என் அம்மா பின்னால். அவருக்கு வயது 78. நூறு கிலோமீட்டர் போனதும் பேச்சு நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கைகளாலும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் கால் வைக்கும் தளம் மேலே வந்துவிட்டது, சீட் அதற்கேற்ற உயரத்தில் இல்லை. முழங்கால் தூக்கி நிற்க, தொடை சீட்டில் படியவே இல்லை. மொத்த எடையும் இடுப்பு எலும்பில். குத்துக்காலிட்டு உட்கார்ந்த மாதிரி நூறு கிலோமீட்டர்! வீட்டுக்கு வந்ததும் ஒரு மெத்தைப் பலகை தைத்துப் போட்டோம். இன்றும் அதுதான்.

ஐயோனிக்கின் இரண்டு அச்சுகளுக்கு நடுவே 3,000 மில்லிமீட்டர், அட்டோவுக்கு 2,720. கால் நீட்டும் இடத்தில் அது தெரியும். ஆனால் தொடைக்குக் கிடைக்கும் ஆதாரத்தை எந்த எண்ணும் சொல்லாது. அம்மாவை இரண்டு கார்களிலும் பின்னால் உட்காரவைத்து, பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து, அரை மணி நேரம் வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள். ஏறி இறங்கும்போது அவர் எதைப் பிடித்துக்கொள்கிறார் என்றும் பாருங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்வதென்றால், என் ஓட்டும் உங்கள் மகள் பக்கம்தான். அம்மா மாற்றிப் போட்டால் அம்மா சொன்னதே தீர்ப்பு.

கேள்வி: ஒரு நண்பர் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றவே கூடாது என்கிறார். இன்னொருவர் வாரம் ஒரு முறை நூறு ஏற்றியே ஆக வேண்டும் என்கிறார். யாரை நம்புவது? — குழம்பிய வாசகி

பதில்: இரண்டு பேரும் சரி, இரண்டு பேரிடமும் இருப்பது வேறு வேறு பேட்டரி. அதைக் கேட்டீர்களா அம்மா?

நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்எம்சி பேட்டரியை எப்போதும் முழுதாக நிரப்பி நிறுத்திவைத்தால் சீக்கிரம் மூப்படையும். அதனால் தினப்படிக்கு 80, பயணத்துக்கு முந்தின இரவு 100. ஐயோனிக் இந்த இனம். இரும்பு பாஸ்பேட்டில் செய்த எல்எஃப்பி வேறு குணம். அதில் சார்ஜ் 80-இல் இருந்தாலும் 40-இல் இருந்தாலும் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கும். மட்டம் மாறாத தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று எப்படிச் சொல்வது? காரின் கணினியும் அப்படித்தான் தடுமாறும். அவ்வப்போது முழுதாக நிரப்பினால் 'இதுதான் நூறு' என்று அதற்குப் புரியும். அட்டோவின் பிளேடு பேட்டரி இந்த வகை. எடைக்கு எடை கொஞ்சம் குறைவாகத்தான் சக்தி சேமிக்கும், கடும் குளிரில் சார்ஜ் ஏறச் சோம்பல்படும். ஆனால் நிறையத் தடவை ஏற்றி இறக்கினாலும் தாங்கும், எளிதில் சூடேறித் தீப்பிடிக்காது. எத்தனை நாளுக்கு ஒரு முறை நூறு என்பதைக் காரோடு வந்த புத்தகத்தில் பாருங்கள். நண்பர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

கேள்வி: மேலே கண்ணாடிக் கூரை உள்ள மாடலை வாங்கலாமா? — வானம் பார்ப்பவர்

பதில்: உச்சி வெயிலில் திரையை இழுத்து மூடாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: நடுவழியில் சார்ஜ் தீர்ந்து நின்றுவிடுமோ என்றுதான் பயம். உங்களுக்கு அப்படி நடந்திருக்கிறதா? — பயந்தாங்கொள்ளி

பதில்: சார்ஜ் தீர்ந்து நின்றதில்லை. சார்ஜ் இருந்தும் நின்றிருக்கிறேன், அது இன்னும் கேவலம்.

ஒரு காலை. முந்தின இரவு 71 சதவீதம் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். காலையில் சாவியை அமுக்கினால் கதவு திறக்கவில்லை, விளக்கு இல்லை, சத்தம் இல்லை. செத்தது பெரிய பேட்டரி இல்லை. மூலையில் கிடக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. மின்சாரக் காரிலும் அது உண்டு என்பது பல பேருக்குத் தெரியாது. கதவுப் பூட்டு, விளக்கு, கணினி எல்லாம் அதில்தான். அது விழித்தால்தான் பெரிய பேட்டரியின் இணைப்பே சேரும். 43 யூனிட்டை வயிற்றில் வைத்துக்கொண்டு, கதவைத் திறக்க வக்கில்லாமல் நின்றது வண்டி. முப்பது வருட மின்சாரக்காரன் நான் வெளியே. சாவிக்குள் ஒளிந்திருந்த சின்ன இரும்புச் சாவியைக் கண்டுபிடிக்கவே பத்து நிமிடம் ஆனது. என் மனைவி ஜன்னலில் நின்று சிரித்ததைப் பற்றி எழுதப்போவதில்லை.

பெரிய பேட்டரியிலிருந்து சின்னதுக்குச் சார்ஜ் கொடுக்க ஒரு பாகம் இருக்கிறது. அந்த வேலையைப் பார்க்கும் ஐசிசியு என்ற பாகத்துக்காக 2024-இல் ஹூண்டாய் ஐயோனிக் 5 உள்ளிட்ட கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. பழைய ஐயோனிக் வாங்குகிறவர்கள் அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணை வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கார் வாங்கினாலும் சாவி கையில் வாங்கும் அன்றே இரண்டு கேள்வி: 12 வோல்ட் பேட்டரி எங்கே? கதவைக் கையால் திறக்கும் துவாரம் எங்கே? ஸ்டெப்னி இருக்கிறதா என்பது மூன்றாவது. பல மின்சார எஸ்யூவிகளில் அதற்குப் பதிலாகப் பஞ்சர் பசையும் காற்றடிக்கும் பெட்டியும்தான் இருக்கும்.

கேள்வி: டெஸ்ட் டிரைவில் எதைப் பார்க்க வேண்டும்? — முதல் கார்க்காரி

பதில்: கிளம்பும் முன் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். இரண்டு கார்களையும் ஒரே நாளில், ஒரே சாலையில், ஏசியை ஒரே அளவில் வைத்து ஓட்டி, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று திரை காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் சில கிலோமீட்டரில் அந்த எண் ஆடும். இருபதாவது கிலோமீட்டரில் பாருங்கள்.

ஓட்டும்போதே வைப்பர், ஏசி, கண்ணாடிப் பனி விலக்கி மூன்றையும் போட்டுப் பாருங்கள். திரைக்குள் நாலு படி தேட வேண்டியிருந்தால் மழை நாளில் திட்டுவீர்கள். காலை எடுத்ததும் வண்டி தானே வேகம் குறையும் ரீஜென் வசதியைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். பின்னால் இருப்பவருக்குக் குமட்டுகிறதா என்று கேளுங்கள். கடைசியாக, வீட்டு வாசலுக்கே காரைக் கொண்டுவரச் சொல்லி நீங்களே உள்ளே விட்டு நிறுத்துங்கள். அட்டோ 4,455 மில்லிமீட்டர், ஐயோனிக் 4,635. அந்த 18 சென்டிமீட்டரில்தான் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைக் கழற்றி வெளியே தள்ளி மாட்டினார்.