ஃபைபர் வருகிறது, எந்த இலவச அன்டிவைரஸ் போடலாம்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "இவ்வளவு காலமும் டொங்கிளில்தான் இன்டர்நெட் பாவித்தோம். அடுத்த கிழமை ஃபைபர் இணைப்புத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பது பழைய டெஸ்க்டொப்: நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. விண்டோஸைக் கடையில்தான் போட்டுத் தந்தார்கள். மகள் உயர்தரம் படிக்கிறா, வினாத்தாள்களை இறக்குவதும் அவதான். காசில்லாத நல்ல அன்டிவைரஸ் எது? இரண்டு மூன்று போட்டால் பாதுகாப்புக் கூடுமா?"

புதிதாக எதையும் இறக்க வேண்டாம். விண்டோஸ் 10இலேயே மைக்ரோசொஃப்ட் டிஃபெண்டர் இருக்கிறது. வீட்டுக் கணினிக்கு அது போதும். இரண்டு மூன்று போடுவது கூடவே கூடாது. ஒவ்வொரு அன்டிவைரஸும் திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நிற்கும். 4 ஜிபி ரேமில் அப்படி இரண்டு நின்றால் வேர்ட் திறக்கவே நிமிடக் கணக்காகும். அதோடு, வெளி அன்டிவைரஸ் ஒன்று வந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும்.

உங்கள் கடிதத்தில் எங்களுக்குக் கவலை தருவது "கடையில் போட்டுத் தந்தார்கள்" என்ற வரிதான். உரிமம் வாங்காமல் விண்டோஸை அக்டிவேட் செய்யும் கருவிகளை டிஃபெண்டர் பிடித்து அழித்துவிடும். அதனால் அவற்றைப் போடுபவர்கள் முதலில் டிஃபெண்டரை நிறுத்துவார்கள், அல்லது சில ஃபோல்டர்களைப் பார்க்காதே என்று அதற்குச் சொல்லிவைப்பார்கள். வேலை முடிந்ததும் அதைத் திருப்பி மாற்றுபவர்கள் குறைவு. வைரஸ் அந்த ஃபோல்டரில் வந்து இருந்தால் டிஃபெண்டர் அந்தப் பக்கமே திரும்பாது.

ஆகவே ஃபைபர் வருமுன் இதைப் பாருங்கள். ஸ்டார்ட்டில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, வைரஸ் அன்ட் த்ரெட் புரொடெக்ஷன் பகுதியில் மெனேஜ் செட்டிங்ஸ் என்பதை அழுத்துங்கள். ரியல்-டைம் புரொடெக்ஷன், கிளவுட் புரொடெக்ஷன், டேம்பர் புரொடெக்ஷன் மூன்றும் ஒன் என்று இருக்க வேண்டும். அதே பக்கத்தின் அடியில் எக்ஸ்குளூஷன்ஸ், அதாவது டிஃபெண்டர் பார்க்காமல் விடும் இடங்களின் பட்டியல், இருக்கும். வீட்டுக் கணினியில் அந்தப் பட்டியல் வெறுமையாக இருக்க வேண்டும். சி டிரைவ் முழுவதுமோ டெம்ப் ஃபோல்டரோ அதில் இருந்தால் ஒவ்வொன்றாக ரிமூவ் கொடுங்கள். பிறகு ஸ்கேன் ஒப்ஷன்ஸில் ஃபுல் ஸ்கேன் ஓட விடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் பல மணி நேரம் பிடிக்கும், இரவில் போட்டுவிட்டுப் படுங்கள். அது முடிந்ததும் அதே இடத்தில் ஒஃப்லைன் ஸ்கேன். இது கணினியை மறுபடி தொடக்கி, விண்டோஸ் எழும்புமுன்னே தேடும். சுமார் 15 நிமிடம் எடுக்கும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் வைரஸ்கள் இதில்தான் அகப்படும்.

அந்தப் பொத்தான்கள் மங்கிப்போய், உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது என்ற பொருளில் ஆங்கில வாசகம் தெரிந்தால், அந்த அக்டிவேட் கருவி விண்டோஸின் உள் அமைப்புகளிலேயே கைவைத்திருக்கிறது. அதை ஒட்டுப்போட்டுத் திருத்த மினக்கெட வேண்டாம். மைக்ரோசொஃப்ட் தளத்திலுள்ள மீடியா கிரியேஷன் டூலை, முடிந்தால் வேறொரு நல்ல கணினியில் இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் போட்டுப் புதிதாக நிறுவுவதே சுத்தமான வழி. உரிமம் வாங்கும்வரை திரையின் மூலையில் நினைவூட்டல் நிற்கும், வோல்பேப்பர் மாற்ற விடாது. பாதுகாப்பு அப்டேட்டும் டிஃபெண்டரும் வேலை செய்யும். கிராக் போட்ட விண்டோஸை விட இது எவ்வளவோ மேல்.

அடுத்தது டொங்கிள் காலத்துப் பழக்கம். டேட்டா தீர்ந்துபோகும் என்று விண்டோஸ் அப்டேட்டையே நிறுத்திவைத்த கணினிகள் நம் பக்கத்தில் ஏராளம். டேட்டாவை மிச்சப்படுத்தும் மீட்டர்ட் கனெக்ஷன் என்ற அமைப்பு அந்தந்த இணைப்புக்கு மட்டும்தான், புதிய வைஃபைக்கு அது வராது. ஆனால் அப்டேட் சேவையையே யாராவது முடக்கியிருந்தால் ஃபைபர் வந்தாலும் அது முடங்கியே கிடக்கும். ஸ்டார்ட்டில் சேர்விசஸ் என்று தேடித் திறந்து, பட்டியலின் கடைசிப் பக்கம் விண்டோஸ் அப்டேட்டை இரண்டு தடவை அழுத்துங்கள். ஸ்டார்ட்டப் டைப் டிசேபிள்ட் என்றிருந்தால் மெனுவல் ஆக்கி, அப்ளை கொடுத்து, ஸ்டார்ட் அழுத்துங்கள். இணைப்பு வந்த முதல் இரவு கணினியை அப்டேட்டுக்கே விட்டுவிடுங்கள். மறுபடி தொடக்கிய பின் செக் ஃபோர் அப்டேட்ஸை இன்னொரு முறை அழுத்த வேண்டும், இனி எதுவும் இல்லை என்று அது சொல்லும்வரை.

வேகம் கூடியதால் மட்டும் வைரஸ் கூடுவதில்லை. மாறுவது வேறு. கணினி நாள் முழுவதும் இணைப்பில் இருக்கப்போகிறது, வீட்டு ஃபோன்களும் அதே ரௌட்டரில் தொங்கப்போகின்றன. திருத்த வந்தவர், தூரத்திலிருந்தே கணினியை இயக்க விடும் எனிடெஸ்க் அல்லது டீம்வியூவர் போட்டுவிட்டுப் போயிருந்தால் இனி அது எந்நேரமும் திறந்த கதவு. தேவையில்லையென்றால் அழித்துவிடுங்கள்.

ரௌட்டரை நிறுவ வருபவர் வீட்டில் நிற்கும்போதே அதன் நிர்வாகப் பக்கத்துக்குப் போகும் முகவரியையும் கடவுச்சொல்லையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும், முகவரி பல ரௌட்டர்களில் 192.168.1.1. உள்ளே போய் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. பலர் வைஃபையை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். டபிள்யூபிஎஸ் (பொத்தானாலோ பின் இலக்கத்தாலோ வைஃபையில் சேரும் வசதி), ரிமோட் மெனேஜ்மென்ட் (வெளியிலிருந்து ரௌட்டரை நிர்வகிக்கும் வசதி) இரண்டையும் நிறுத்துங்கள். பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்கு வைஃபை கொடுக்காமல் இருக்க நம் ஊரில் முடியாது, கொடுப்பதென்றால் விருந்தினருக்கான தனி வைஃபையான கெஸ்ட் நெட்வேர்க்கைத் திறந்து அதைக் கொடுங்கள். கணினி முதன்முதலாக வைஃபையில் சேர்ந்ததும் நெட்வேர்க் அமைப்பில் பப்ளிக் என்று இருக்கிறதா பாருங்கள். அப்போது மற்றக் கருவிகளுக்கு உங்கள் கணினி தெரியாது.

மகளின் விஷயத்துக்கு அன்டிவைரஸை விட நல்ல பிரவுசர் உதவும். வினாத்தாள் தளங்கள் சிலவற்றில் உண்மையான டவுன்லோட் பொத்தானுக்குப் பக்கத்திலேயே அதைவிடப் பெரிய விளம்பரப் பொத்தான் இருக்கும். ஃபயர்ஃபொக்ஸ் போட்டு, அதில் யூபிளொக் ஒரிஜின் என்ற, விளம்பரங்களைத் தடுக்கும் இலவசத் துணைச்செயலியைச் சேர்த்தால் அந்தப் பொத்தான்களில் பெரும்பாலானவை மறைந்துவிடும். இறக்கிய வினாத்தாள் பிடிஎஃப் ஆக இருக்க வேண்டும். கோப்பின் பெயர் இஎக்ஸ்இ (.exe) என்று முடிந்தால் அது வினாத்தாள் இல்லை, ஒரு நிரல், திறக்காமல் அழிக்கச் சொல்லுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸைத் தெரிவு செய்தால்தான் அந்த முடிவு கண்ணில் தெரியும். அவவுக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கும் திறந்து கொடுங்கள்.

கொமினிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்து வந்த பென் டிரைவில் ஃபோல்டர்களுக்குப் பதில் ஷோர்ட்கட் மட்டும் தெரிந்தால் எதையும் திறக்காதீர்கள். கோப்புகள் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். முதலில் டிஃபெண்டரால் ஸ்கேன் செய்து, பிறகு வியூவில் ஹிடன் ஐட்டம்ஸைத் தெரிவு செய்தால் அவை தெரியக்கூடும்.

சந்தேகம் வந்தால் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு நல்லது. நிறுவியதும் சில நாளுக்குப் பிரீமியம் பரீட்சார்த்தமாக ஓடும், அதை நிறுத்திவிட்டுத் தேவைப்படும்போது ஸ்கேன் மட்டும் செய்யுங்கள். டிஃபெண்டரே வேண்டாம் என்றால் பிட்டிஃபெண்டர் ஃப்ரீ. அவாஸ்ட்டை நாங்கள் சொல்லமாட்டோம். பாவனையாளரின் பிரவுசிங் விபரங்களை விற்றதற்காக 2024இல் அமெரிக்காவில் அதற்கு 16.5 மில்லியன் டொலர் அபராதம் விழுந்தது.

கடைசியாக, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசொஃப்ட் சொல்லியிருந்தாலும், விண்டோஸின் ஓட்டைகளை அது அடைக்காது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, அமைப்புகளை அதில் பேக்கப் செய்தால், விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் வரும் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் காசில்லாமல் சேரலாம், அது 2026 ஒக்டோபர் 13 வரை. உங்கள் விண்டோஸ் 10இன் பதிப்பு 22எச்2 (22H2) ஆக இருக்க வேண்டும். உங்கள் ஐ3க்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, அது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். 2026 ஒக்டோபருக்குப் பிறகும் இந்தக் கணினியையே பாவிப்பதென்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு 4 ஜிபியில் தாராளமாக ஓடும். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடவிட்டு, உங்கள் பிரின்டரும் வைஃபையும் அதில் வேலை செய்கின்றனவா என்று பார்க்கலாம். சரிவந்தால், மகளின் குறிப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்துவைத்த பிறகு நிறுவுங்கள்.